நாலாம் மேடைக்குப் பாட்டுப் பொறுப்பு

ஷெர்லி டீச்சருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி என்பது அவரைப் பொறுத்தவரை கைப்பை வைக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது மட்டும் வேறு வழியில்லாமல் உட்காருவார். அப்போதும் முன் வரிசையில் இருப்பவரின் சேலையில் துருத்திக்கொண்டிருக்கும் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். ஒரு ஈஸ்டருக்கு அப்படி இழுத்ததில் ஒரு சேலையின் பார்டரே கையோடு வந்துவிட்டதாக ஊரில் பேச்சு. டீச்சர் அதை மறுக்கிறார். முழு பார்டர் இல்லையாம், பாதிதானாம்.

கணவர் பௌல்சன் பெயின்ட் கடைக்காரர். ஒரு சுவரில் அடித்த வர்ணம் காயும்வரை காத்திருக்கத் தெரிந்தவர். கடவுள் ஜோடி சேர்க்கும்போது சிரித்துக்கொண்டுதான் சேர்த்திருக்க வேண்டும்.

"எடீ, தட்டை எடுக்காதே. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

"முடிக்கத்தானே போறீங்க?"

இந்தப் பேச்சு அந்த வீட்டில் தினமும் நடக்கும். கடைசி உருண்டைச் சோறு பௌல்சனின் வாய்க்குப் போகும்போது தட்டு குழாயடியில் நுரையோடு இருக்கும்.

திருச்சூருக்குத் தெற்கே, கோள்நிலங்கள் என்கிற சதுப்பு வயல்களின் கரையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஷெர்லி டீச்சர் ஹிந்தி சொல்லிக்கொடுக்கிறார். ஹிந்தி டீச்சர் எப்படிக் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ஆனார் என்று கேட்டால், அதற்கும் இந்த இருப்புக்கொள்ளாமைதான் காரணம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஸ்டாஃப் மீட்டிங்கில் ஹெட்மிஸ்ட்ரஸ், "லேப் பொறுப்பை யார் எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார். கணக்கு மாஷ் கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்தார். ஃபிசிக்ஸ் டீச்சர் எப்போதோ பெற்ற பிள்ளையை நினைத்து வயிற்றில் கை வைத்துக்கொண்டார். ஷெர்லி டீச்சர் ஃபேன் வேகத்தைக் குறைக்க எழுந்தார்.

"ஆங்! டீச்சர் எழுந்துட்டாங்க!" என்றது சபை. ஒரே கைதட்டல்.

"ஐயோ, நான் ஃபேனைக் குறைக்க..." என்று அவர் வாயைத் திறந்தபோது மீட்டிங் அடுத்த விஷயமான கழிப்பறைக் கதவுக்குப் போயிருந்தது.

வேலை தலையில் விழுந்த பிறகு டீச்சர் அழவில்லை. அழுவதற்கு ஓரிடத்தில் நிற்க வேண்டும். விடுமுறைப் பயிற்சிக்குப் போனார். மற்றவர்கள் எலியைப் பிடித்துப் படத்தைக் கிளிக் செய்து, திரையில் சக்கரம் சுற்றி முடியும்வரை கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார்கள். சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் டீச்சருக்கு நெஞ்சு படபடக்கும். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து எழுத்தால் கட்டளை போட்டுக் காட்டிய அன்று அவருக்கு விடுதலை கிடைத்தது. தட்டினால் பதில். ஒன்று, செய்கிறது, இல்லையென்றால் செய்யமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பௌல்சனிடம் இந்த இரண்டில் ஒன்றுகூட அவருக்குக் கிடைத்ததில்லை.

அதிலிருந்து எல்லாமே கறுப்புத் திரைதான். சக ஆசிரியர்கள் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சரே, ஜாதகம் எழுதறீங்களா?" என்பார்கள். டீச்சர் தட்டுவதை நிறுத்தாமல் பதில் சொல்வார். கட்டளையும் பேச்சும் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டில் ஒன்றில் தப்பு வரும். எதில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அவருக்கு அதில் ரொம்பப் பிடித்தது இமேஜ் ஃபைல். பள்ளிக்கூட லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற வாயே கிடையாது. ஆனால் ஒரு டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அப்படியே உரித்து ஒரே ஃபைலாகக் கட்டிவைத்துவிடலாம், அதுதான் இமேஜ். வேண்டும்போது ஏதாவது ஒரு ஃபோல்டரைக் காட்டி, "இதன்மேல் ஏற்று" என்று எழுத்தில் கட்டளை கொடுத்தால் போதும். டிஸ்க்கைப் போட்டதுபோலவே உள்ளே இருக்கிறதெல்லாம் அந்த ஃபோல்டரில் தெரியும். பார்க்கலாம், கேட்கலாம், ஆனால் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. வேலை முடிந்தால் இறக்கிவிட வேண்டும். டீச்சர் கண்ணில் பட்டதையெல்லாம் இமேஜ் ஆக்கினார். பௌல்சனின் கல்யாண வீடியோகூட இப்போது இமேஜ்தான். ஒன்றையும் மாற்ற முடியாது என்று தெரிந்து பௌல்சன் பெருமூச்சு விட்டார்.

இந்த "மாற்ற முடியாது" என்ற சொல்தான் அவரை நாலாம் மேடையில் கொண்டுபோய் நிறுத்தியது.

உபஜில்லாக் கலோற்சவம் என்றால் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் கலைவிழா. பிள்ளைகள் மேடையில் ஆடும், அம்மாமார்கள் மேடைக்குப் பின்னால் ஆடுவார்கள். போன தடவை நாட்டுப்புறக் கதை சொல்லி ஆடும் நாடோடி நடனத்தில் ஒரு பெண்ணின் பாட்டு பாதியில் ஆமைபோல இழுத்தது. பென் டிரைவில் எதிராளி ஏதோ செய்துவிட்டாள் என்று ஒரு அம்மா, உன் பென் டிரைவில் உன் வீட்டு வைரஸ்தான் என்று இன்னொரு அம்மா. கெமிஸ்ட்ரி லேபில் உட்கார்ந்த அப்பீல் கமிட்டி, இரண்டு கொண்டைகளையும் பிரித்துவிடுவதற்குள் தன் கண்ணாடி ஒன்றை இழந்தது.

அதனால் இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்தில் ஷெர்லி டீச்சர் எழுந்து (எழுந்து என்பது மரியாதைக்கு; நின்றுகொண்டுதான் இருந்தார்) ஒரு யோசனை சொன்னார். எல்லாப் பாட்டையும் முந்தின நாளே வாங்கிவிடுவோம். நான் ஒரே இமேஜாகக் கட்டிவைக்கிறேன். அதை நீதிபதிகள் வந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் முன்னால்தான் திறப்போம். உள்ளே யாரும் கை வைக்க முடியாது.

"யாராலும் மாத்த முடியாதா?" என்று கேட்டார் சுகுணன் மாஷ். நாலாம் மேடையின் பொறுப்பும் அறிவிப்பும் அவருக்கு.

"நான் நினைச்சாலும் முடியாது மாஷே."

சபைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதே உற்சாகத்தில் இன்னொரு விதியும் சேர்த்தார்கள்: போனிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ பாட்டுப் போட்டு ஆடுகிறவர்கள் போட்டியில் கிடையாது.

"எதுக்கும் ஒரு காப்பி எடுத்து எங்க கடை அலமாரியில வைக்கிறேன்," என்றார் டீச்சர்.

"ஐயய்யோ, வேண்டாம்!" என்று பதறினார் சுகுணன் மாஷ். "ரெண்டு இருந்தா எது அசல்னு அப்பீல் வரும். ஒண்ணே ஒண்ணு போதும்."

அப்பீலுக்குப் பயந்து பயந்து, இருக்கிற ஒரே பாலத்திலும் ஒற்றைப் பலகைதான் என்று முடிவானது.

நாடோடி நடனத்தன்று காலை டீச்சர் எல்லாருக்கும் முன்னால் மேடைக்குப் பின்னறைக்கு வந்துவிட்டார். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, போன வருஷக் குப்பை, பழைய வினாத்தாள், யாரோ இறக்கிவைத்த யானை எழுந்தருளல் படம் என்று வரிசையாக அழித்தார். அழிப்பது அவருக்கு நகம் கடிப்பதுபோல. கறுப்புத் திரையில் அழித்தால் அழித்ததுதான். குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டு எடுக்கிற சமாச்சாரம் கிடையாது.

அப்போது மைக்செட்காரர் தினேசன் தலையை நீட்டினார். "டீச்சரே, ஒரு பாட்டுப் போடுங்க. பாக்ஸ் சரியா இருக்கான்னு பாக்கணும்."

"இந்த வருஷத்தைத் தொடக்கூடாது. போன வருஷ ஆனிவர்சரி இமேஜ் இருக்கு, அதுல ஒண்ணு போடறேன்."

போட்டார். போன வருஷத்து இமேஜை ஏற்றச் சொல்லிக் கட்டளை அடிக்கும்போதே, "மோளே, அந்தச் சேரை ஓரமாப் போடு... பார்வதி டீச்சரே, சேஃப்டி பின் என் பையில... ஏய் யாரு அது, திரையைப் பிடிச்சு ஊஞ்சலாடறது?" என்று மூன்று பேரிடம் பேசினார். ஏற்றுவதற்கு ஒரு ஃபோல்டரைக் காட்ட வேண்டுமே. விரல் கைக்கு வந்ததைக் காட்டியது. ஏறியதும் அதற்குள் போய் நின்று ஒரு பாட்டைத் தட்டிவிட்டார். பாக்ஸ் முழங்கியது. தினேசன் கட்டைவிரல் உயர்த்தினார். டீச்சர் ஊஞ்சலாடியவனைத் துரத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

சீட்டுக் குலுக்கியதில் முதல் எண் நவமிக்கு விழுந்தது. டீச்சரின் பள்ளிக்கூடத்துப் பெண் இல்லை, பக்கத்து ஊர். பத்தாம் வகுப்பு. இந்தப் பிரிவில் ஆட இதுதான் கடைசி வருஷம். போன வருஷம் கலோற்சவ வாரத்தில் சின்னம்மை போட்டு, வேப்பிலையோடு படுத்துக்கிடந்து ஜன்னல் வழியாக மைக் சத்தத்தை மட்டும் கேட்டவள். இன்றைக்கு விட்டால் ஜில்லா மேடை இனி அவளுக்கு இல்லை. இதை அங்கே யாரும் தேடிப்பிடித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவளுடைய அம்மா ஷீஜா காலையிலிருந்து பழம்பொரி விற்பவனிடம்கூட சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாடோடி நடனத்தில் சிரிக்கிற கதை எடுபடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பாம்பு கடித்த கணவன், பற்றியெரிகிற குடிசை, இதில் ஒன்றாவது இல்லாவிட்டால் நீதிபதிகள் பேனாவைத் திறக்கமாட்டார்கள். நவமிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் ரஞ்சு மாஸ்டர் புதுசாகக் காட்டுப்பன்றி கண்டுபிடித்திருந்தார். கணவனைப் பன்றி குத்திவிடும். மனைவி பன்றியைத் தேடிப் போவாள். கடைசியில் பன்றிக்கும் குட்டிகள் இருப்பதைப் பார்த்து அம்பைக் கீழே போடுவாள். இதற்கு ஊட்டுப்புரைச் சமையலில் காய் நறுக்குகிறவர்கள் வரை அழுவார்கள் என்று அவர் உத்தரவாதம் கொடுத்திருந்தார்.

நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். சுகுணன் மாஷ் மைக்கைப் பிடித்தார். "எண் ஒன்று, முதல் அழைப்பு!"

மூன்றாவது அழைப்பு முடியும்போது பாட்டோடு பிள்ளை மேடையில் இல்லையென்றால் அந்த எண் அடிக்கப்படும். இது பழைய விதி. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

டீச்சர் லேப்டாப்புக்கு வந்து, பாட்டு ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் கட்டிவைத்த இந்த வருஷத்து இமேஜ் அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்க வேண்டும்.

இல்லை.

ஆனிவர்சரிப் பாட்டுகள் இருந்தன. வரவேற்புப் பாட்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் முயல் நடனம், பி.டி.ஏ. தலைவர் பாடிய கானம். இந்த வருஷத்து ஃபைல் இருந்த சுவடே இல்லை.

டீச்சர் மறுபடி கேட்டார். லேப்டாப் மறுபடி முயலைக் காட்டியது.

காலையில் அழித்ததெல்லாம் கண் முன்னால் ஓடியது. வினாத்தாள், யானை, அதற்கப்புறம் என்ன? அதற்கப்புறம் என்ன அடித்தோம்? இருக்கிற ஒரே பிரதி. எல்லாப் பிள்ளைகளின் பாட்டும் அதில்தான். ஆனால் சுகுணன் மாஷ் இப்போது கூப்பிட்டது ஒரு பிள்ளையைத்தான். அது திரைக்குப் பக்கத்தில் அம்பும் வில்லுமாக நின்று கால் சலங்கையை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"என்ன டீச்சரே?" ஷீஜா உள்ளே நுழைந்தாள். "ஏன் போடல?"

"ஒரு நிமிஷம், சேச்சி."

"முகம் ஏன் இப்படி இருக்கு? பாட்டு இருக்கா இல்லையா?"

"இருக்கு. எங்கன்னுதான்..."

"மாதாவே! எங்கன்னு தெரியலையா?" ஷீஜா மாதாவைக் கும்பிடுகிறவள் இல்லை, ஆனால் எதிரே இருக்கிறவரின் தெய்வத்தைக் கூப்பிட்டால் சீக்கிரம் வரும் என்று நினைத்தாளோ என்னவோ. "இந்தாங்க என் போன். இதுல இருக்கு. போடுங்க!"

ரஞ்சு மாஸ்டர் அவள் கையைப் பிடித்தார். "போனை உள்ள வைங்க. அங்க பாருங்க, மூணாம் நம்பரோட அம்மா. வந்ததுலேர்ந்து வீடியோ எடுத்துக்கிட்டே நிக்கறாங்க. நம்ம போன்ல பாட்டு வந்தா, பன்றி வர்றதுக்குள்ள அப்பீல் வந்துடும்."

மூணாம் எண்ணின் அம்மா ஜன்னல் வழியாகப் போனை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார். முகத்தில் ஒரு பரிவு இருந்தது. படம் தெளிவாக விழுந்தால் வரும் பரிவு.

"எண் ஒன்று, இரண்டாம் அழைப்பு!"

டீச்சர் அறைக்குள் நடந்தார். சுவர்வரை போனார், திரும்பினார். மேஜைமேல் கிடந்த பொட்டுப் பாக்கெட்டைத் திறந்து மூடினார்.

"நடக்காதீங்க டீச்சரே, எனக்குத் தலை சுத்துது," என்றாள் ஷீஜா.

"நின்னா எனக்குச் சுத்தும்."

ஃபைல் தொலைந்திருந்தால் இடம் காலியாகியிருக்குமே என்று நடையின் நடுவில் தோன்றியது. அவ்வளவு பெரிய ஃபைல் அழிந்திருந்தால் லேப்டாப் இளைத்திருக்க வேண்டும். பாய்ந்து வந்து, எந்தெந்த அறை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டார். வரிசையாகப் பதில் வந்தது. காலையில் அழித்த குப்பை போக, நேற்று எவ்வளவு கொழுப்போ, இன்றும் அவ்வளவு. ஒன்றும் போகவில்லை. பதிலின் கடைசி வரியில், என்ன எதன்மேல் ஏறியிருக்கிறது என்றும் எழுதியிருந்தது. போன வருஷத்து இமேஜ், பாட்டு ஃபோல்டர்மேல்.

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் பாக்ஸில் கேட்டிருக்கும், மைக் பக்கத்தில் இருந்திருந்தால்.

காலி ஃபோல்டரில்தான் ஏற்ற வேண்டும். பொருள் இருக்கிற ஃபோல்டரில் ஏற்றினால், ஏற்றியதுதான் தெரியும். அடியில் இருப்பது மறைந்துவிடும். கட்டிலில் தூங்குகிற பிள்ளையைக் கவனிக்காமல் மேலே மெத்தையைப் போட்டு விரித்தமாதிரி. பிள்ளை எங்கும் போகவில்லை. மெத்தையைத் தூக்கினால் போதும்.

"கெடைச்சாச்சு சேச்சி! அடியில இருக்கு. மேல இருக்கறதை இறக்கணும், அவ்வளவுதான்."

இறக்கச் சொல்லிக் கட்டளை அடித்தார்.

இறக்க முடியாது, யாரோ உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றது லேப்டாப்.

"யாரு?" என்று டீச்சர் லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினார். காலையில் பாட்டு வாசித்த மென்பொருள் திறந்திருந்தது. மூடினார். மறுபடி அடித்தார்.

யாரோ உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"தினேசா! அந்த ஒயரைப் பிடுங்கு!"

தினேசன் பிடுங்கினார். மறுபடி அடித்தார். யாரோ உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க! யாரோ இதைத் தொட்டுக்கிட்டு இருக்கீங்க!"

"நாங்க எங்க டீச்சரே தொட்டோம்? நான் இங்க, அது அங்க," என்றார் ரஞ்சு மாஸ்டர். ஆனாலும் ஒரு பயத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தார். ஷீஜா மட்டும் நகரவில்லை. அவளை நகர்த்த அந்தக் காட்டுப்பன்றியே நேரில் வந்திருக்க வேண்டும்.

மேடையில் சுகுணன் மாஷ் தொண்டையைச் செருமினார்.

"அவ்வளவுதான்," என்றாள் ஷீஜா. குரல் திடீரென்று சின்னதாகிவிட்டது. "என் பொண்ணு அவ்வளவுதான்."

இங்கே சுகுணன் மாஷைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் விதியை மீறாத மனிதர். மூன்றாம் அழைப்பை யாருக்காகவும் ஒரு நொடி தள்ளிப்போடமாட்டார். ஆனால் அவர் கையில் இருப்பது மைக். கூட்டம் நிறைந்த பந்தலில், எல்லாரும் ஆவலோடு தன் வாயைப் பார்க்கிற ஒரு தருணத்தை ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட எந்த மலையாளி மாஷுக்கும் மனசு வராது.

"எண் ஒன்று," என்று ஆரம்பித்தார். "மூன்றாவது அழைப்பைத் தொடங்குவதற்கு முன்னால், கலை என்பது காலத்தோடு சம்பந்தப்பட்டது என்பதை நாம் நினைவில்கொள்ள வேண்டும். காலத்தைத் தவறவிட்டவனைக் கலை மன்னிக்காது. இந்த இடத்தில், நமக்கு இந்தப் பந்தலை அமைத்துக்கொடுத்த சகோதரர்களையும், இடையிடையே கட்டஞ்சாயா கொண்டுவந்து தருகிற தாய்மார் குழுவையும்..."

பின்னறையில் டீச்சரின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. யார் உள்ளே இருக்கிறார்கள்? பாட்டு வாசிப்பது மூடியாயிற்று. ஒயர் பிடுங்கியாயிற்று. வேறு யார்? கண் திரையில் மேலும் கீழும் அலைந்தது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், இப்போது எந்த ஃபோல்டருக்குள் நின்று கட்டளை கொடுக்கிறோம் என்று லேப்டாப் எழுதிக்காட்டும். எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பார்த்து, வீட்டு நம்பர் பலகையைப்போல, கண்ணிலேயே படாத எழுத்து அது. இப்போது பட்டது.

பாட்டு.

காலையில் அதற்குள் போய் நின்றவர் வெளியே வரவே இல்லை. உள்ளே நின்றுகொண்டு, உள்ளே யார் என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அட, நான்தான்!" என்றார் டீச்சர்.

"என்னது நீங்கதான்?" என்றாள் ஷீஜா.

பதில் சொல்ல நேரமில்லை. ஃபோல்டரை விட்டு ஒரு படி வெளியே வந்தார். இறக்கச் சொன்னார். லேப்டாப் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புத் திரையில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

பாட்டு ஃபோல்டரைத் திறந்தார். முயல் போயிருந்தது. இந்த வருஷத்து இமேஜ், தூங்கி எழுந்த பிள்ளைபோல, வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு புது ஃபோல்டரை உண்டாக்கி, அது காலிதானா என்று பார்த்து, நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பார்த்து, அதன்மேல் ஏற்றினார். தினேசன் ஒயரைச் செருகினார்.

"...மற்றும் ஒலிபெருக்கி உதவிய நண்பர் தினேசனையும் இந்த வேளையில் நன்றியோடு நினைத்துக்கொண்டு, எண் ஒன்று, மூன்றாம் அழைப்..."

பன்றி உறுமியது. பந்தல் அதிர்ந்தது. நவமி அம்போடு மேடைக்குப் பாய்ந்தாள். சுகுணன் மாஷ் மைக்கோடு ஓரத்துக்குப் பாய்ந்தார்.

நவமி ஆடியதைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்ல வேண்டும். வியர்வையில் மை கரைந்து கண்ணில் இறங்கியதால் முதல் பாதி முழுக்க ஒரு கண்ணால்தான் பன்றியைத் தேடினாள். அது வேட்டைக்காரியின் பாவனை என்று சிலர் நினைத்தார்கள். நீதிபதிகளில் இரண்டு பேர் அப்படி நினைத்தார்கள். மூன்றாமவர் நினைக்கவில்லை.

முடிவு வந்தபோது ஏ கிரேடு, இரண்டாம் இடம். ஜில்லாவுக்கு முதலிடம் மட்டும்தான் போகும்.

ஷீஜா அழவில்லை. நேராக அப்பீல் கொடுக்கப் போனாள். அது ஜெயித்தால் முதலிடத்தோடு இரண்டாமிடமும் ஜில்லாவில் ஆடலாம். பாட்டு வரத் தாமதமானதால் என் பிள்ளை வெக்கையில் நின்று முகம் கரைந்து ஆட்டம் கெட்டது என்பது அவள் வாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கெமிஸ்ட்ரி லேபில் விசாரணை. சாட்சி, ஷெர்லி டீச்சர்.

போகிற வழியில் சுகுணன் மாஷ் அவரைப் படிக்கட்டில் மறித்தார். "டீச்சரே, ஒண்ணும் பேச வேண்டாம். வோல்டேஜ் கம்மின்னு சொல்லிடுங்க. வோல்டேஜ் மேல பழி போட்டா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. இது யார் தப்பும் இல்லைன்னு அப்பீலைத் தள்ளிடுவாங்க. நீங்களும் தப்பிச்சீங்க."

"அந்தப் பொண்ணு?"

"அதுக்கு ஏ கிரேடு இருக்கே."

"ஏ கிரேடை வச்சுக்கிட்டு ஜில்லாவுல ஆட முடியுமா மாஷே?"

"தப்பு உங்களோடதுன்னு ஆச்சுன்னா, உங்க இமேஜ், மாத்த முடியாதது எல்லாம் ஊர் சிரிக்கும். மெமோவும் வரும். யோசிங்க."

டீச்சர் யோசித்தார். லேபில் கமிட்டி உட்காரும்வரை ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடிக்கொண்டு யோசித்தார். ஆசிட் ஜாடிக்குப் பக்கத்தில் போனபோது கமிட்டித் தலைவர், "டீச்சர், அதை மட்டும் தொடாதீங்க," என்றார்.

"சொல்லுங்க. ஏன் தாமதம்?"

டீச்சர் ஷீஜாவைப் பார்க்கவில்லை. சுகுணன் மாஷைப் பார்த்தார். அவர் வாயசைத்தார்: வோல்டேஜ்.

"என் தப்பு," என்றார் டீச்சர். "மைக் சோதனைக்குப் போன வருஷ இமேஜை, இந்த வருஷ ஃபைல் இருக்கற ஃபோல்டர் மேலயே ஏத்திட்டேன். அதனால இந்த வருஷத்து ஃபைல் மறைஞ்சு போச்சு."

"அழிஞ்சு போச்சா?"

"இல்ல, அடியில இருந்துச்சு."

"அப்போ எடுக்க வேண்டியதுதானே?"

"எடுக்க முடியல. மேல இருக்கறதை இறக்க விடாம ஒருத்தர் உள்ள நின்னுட்டு இருந்தாங்க."

தலைவர் நிமிர்ந்தார். "யாரு?"

"நான்."

"எங்க நின்னீங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

கமிட்டியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெதுவாகத் தண்ணீர் குடித்தார்.

"வெளிய எப்படி வந்தீங்க?" என்று கேட்டார் தலைவர், மிகவும் மிருதுவாக.

"ஒரு படி வெளிய வந்தேன். அப்பறம் இறக்குச்சு."

வெளியே எந்த மேடையிலோ செண்டை முழங்கியது. கடைசியில் தலைவர் பேனாவை எடுத்தார்.

"டீச்சர், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல அந்தக் குழந்தையோட தப்பு ஏதாவது இருக்கா?"

"துளிகூட இல்ல."

"இதை மட்டும் முதல்லயே சொல்லியிருக்கலாம்."

அப்பீல் ஏற்கப்பட்டது. நவமி ஜில்லாவுக்குப் போகிறாள். டீச்சர் சொன்ன காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டுமே என்று ஒரு குழப்பம் வந்ததாம். புரியாத காரணத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று தலைவர் கருதியதாகச் சுகுணன் மாஷ் பிற்பாடு சொன்னார். மெமோவும் வரும் என்கிறார்கள். அதில் டீச்சர் எங்கே நின்றார் என்று எப்படி எழுதுவது என்றுதான் அலுவலகத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறது.

லேபுக்கு வெளியே ஷீஜா டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள். நவமி முகம் கழுவிவிட்டு, பாதி மையோடு பக்கத்தில் நின்றாள்.

"டீச்சரே, ஜில்லாவிலயும் நீங்கதான் பாட்டுப் போடணும்னு நான் எழுதிக் குடுக்கப் போறேன்."

டீச்சருக்கு நெகிழ்ந்துவிட்டது. "இவ்வளவு நடந்த பிறகுமா சேச்சி? என்மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கையா? ஐய, அதுக்கில்ல," என்றாள் ஷீஜா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அங்கயும் ரெண்டாமிடம் வந்துட்டா, அப்பீலுக்கு ஒரு காரணம் வேணுமே."

"அம்மா, வா போலாம்," என்றாள் நவமி.